லூயி ராஜாவின் மூக்கைக் காணவில்லை

மரியாதைக்குரிய சிவநேசன் மாமாவுக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரோகிணி வணக்கத்தோடும் பயத்தோடும் எழுதுவது. கிள்ளானில் உங்கள் வீட்டுக்குள் வந்த வெள்ளம் வடிந்திருக்கும், அத்தையின் முட்டிவலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. என் போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டதால் போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். காலையில் உங்கள் பக்கம் லோரி ஓட்டிப்போகும் ஜீவன் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன்.

மாமா, வெள்ளத்துக்குப் பயந்து நீங்கள் என்னிடம் கொடுத்துவைத்த இரண்டு டப்பாக்களில் ஒன்றில் இருந்த பழைய வெளிநாட்டுச் செப்புக் காசுகளை யாரோ மாற்றிவிட்டார்கள். யாரோ என்ன, முன்னறையில் வாடகைக்கு இருக்கும் அழகிரி அண்ணன்தான். “இந்தக் கறுப்புதான் காசோட வயசு, ஓரத்த மட்டும் புடிச்சுத் தூக்கணும்லா” என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள்? இன்று மாலை திறந்தால் எல்லாம் பளபளவென்று நேற்று அடித்தது போல இருக்கின்றன. ஸ்வீடன் காசில் கிரீடம் பாதிதான் தெரிகிறது. பிரெஞ்சு லூயி ராஜாவுக்கு மூக்கே இல்லை. போலி அடித்தவன் அவசரத்தில் மூக்கை மறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஷா ஆலம் நண்பரிடம் காட்ட அவற்றை எடுத்துப் போக வருவீர்களே, அப்போது என்னைத்தானே கேட்பீர்கள்? இனிமேல் ஒரு காசைக்கூட என் கையில் தரமாட்டீர்கள்.

அவர் மீது சந்தேகம் வரக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமைப்பவருக்கு லூயி ராஜா எதற்கு? போன வாரம் நான் டப்பாவைத் திறந்திருந்தபோது எட்டிப் பார்த்து, “ஏன் பாப்பா, இந்த ராஜா எங்கம்மாவவிட நீளமா முடி வச்சிருக்காரு, இவரக் குடுத்தா கடையில டீ தருவாங்களா?” என்று சிரித்தார். விலை விசாரிக்கிறார், மாமா! அதோடு நம் வீட்டில் புளியும் குறைகிறது. ரசம் வெறும் மிளகுத் தண்ணீராக இருக்கிறது. அதையும் இவர்தான் கடைக்குக் கடத்துகிறார் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மா சத்தம் போட்டால் ஆள் உஷாராகிவிடுவார். நீங்கள் உடனே வந்து கையும் களவுமாகப் பிடியுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. பத்துமலை முருகன் உங்களையும் மீதி இருக்கும் காசுகளையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள் ரோகிணி

பி.கு.: தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா நாளை வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உங்கள் இரண்டாவது டப்பா. “உங்க மாமன் காசுல ஒரே அழுக்குடி. போன வாரம் வெளக்கோட சேத்து ஒரு டப்பாவத் தேச்சு வச்சேன். ஒரு ராஜா மூக்குல இருந்தது மட்டும் போகவே மாட்டேன்னுச்சு, நார் போட்டு அழுத்தித் தேச்சேன். தம்பி பாத்தா அசந்துருவான்லா!” என்றார். அவர் திரும்பிய நேரத்தில் டப்பாவைத் தூக்கி வந்துவிட்டேன். இப்போது என் போர்வைக்குள்தான் இருக்கிறது.

ஐயோ மாமா, வெளியே அம்மா முன்னறைக் கதவைத் தட்டுகிறார். “அழகிரி, இங்க இருந்த டப்பாவ நீங்க எடுத்தீங்களா?”

நான் எழுந்து போகிறேன்.