ஒன்றும் செய்யாதவருக்கு ஓட்டுக் கேட்ட போர்மேன்

தம்முடைய வேட்பாளர் பதவிக்கு வந்தால் எந்த வேலையும் செய்யமாட்டார் என்று வீடு வீடாகச் சென்று உத்தரவாதம் கொடுத்து வாக்குச் சேகரித்தவர், இந்த நாட்டில் எங்கள் போர்மேன் ஒருவராகத்தான் இருக்கமுடியும். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வாக்குச்சாவடியில் அலுவலர் அதை உரக்க வாசித்தபோது, வரிசையில் நின்ற நாங்கள் எல்லாரும் அது யார் என்று திரும்பிப் பார்த்தோம், அவரும் பார்த்தார்.

வெம்பக்கோட்டைக்கும் எம். புதுப்பட்டிக்கும் இடையில், பெரும்பாலோர் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வருகிற ஊர் எங்களுடையது. அப்படி ஒரு கம்பெனியில் முப்பது வருடம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வெடிமருந்து புழங்கும் அறை ஒவ்வொன்றுக்கும் எதிரெதிராக இரண்டு வாசல் வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளியும் இருக்கவேண்டும். இவை தொழிற்சாலைக்கான விதிகள். போர்மேன் ஓய்வு பெற்ற பிறகு இவை ஊருக்கான விதிகளாயின.

முதலில் தம் வீட்டுப் பின்சுவரில் வாசல் இல்லை என்று கண்டுபிடித்தார். மறுநாளே சுவரை இடித்துக் கதவு வைத்தார். கதவு நேராக அடுத்த வீட்டு ஆட்டுக்கொட்டிலுக்குள் திறந்தது.

"யோவ் போர்மேன், என் ஆடு ஒம்ம வீட்டுக்குள்ள வந்து எதையாச்சும் மேஞ்சா நான் பொறுப்பில்ல!" என்று கத்தினார் ஆட்டுக்காரர்.

"ஆடு உள்ள வரட்டும்யா. ஆளு வெளிய போகணும், அதுக்குத்தான் கதவு" என்றார் போர்மேன்.

வங்கிக்குப் போனால் கணக்குப் புத்தகத்தை நீட்டுவதற்கு முன் இரண்டாவது வாசல் எங்கே என்று விசாரிப்பார். அப்படி விசாரித்த ஒருநாள், துப்பாக்கி வைத்திருந்த காவலாளி அவருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். போர்மேன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய ஒரே மகள் செல்வியின் திருமணத்தில் நடந்ததுதான் உச்சம். செல்வியின் தாய்மாமன், அதாவது போர்மேனின் மச்சினன், வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அவர் பட்டு வேட்டி கட்டி, தட்டுத் தட்டாகச் சீர்வரிசையுடன் மேளதாளமாக வந்து மண்டப வாசலில் நின்று சரவெடியைப் பற்றவைத்தார். பட்டாசு செய்கிற ஊரில் வெடி இல்லாமல் தாய்மாமன் சீர் எப்படி வரும்? ஆனால் மண்டபத்தின் பின்வாசல் பூட்டியிருப்பதைப் போர்மேன் சற்று முன்தான் பார்த்திருந்தார். "ஏலே, இருக்கிறதே ஒரு வாசல்! அதுலயா வெடிக்க?" என்று அலறிக்கொண்டு மணல் வாளியுடன் ஓடிவந்தார். பாதி மணல் சரவெடி மீது விழுந்தது. மீதி தாய்மாமன் மீது விழுந்தது. பன்னிரண்டு வருடங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று.

இந்த நிலையில்தான் ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தது. எங்கள் பக்கம் அந்தப் பதவிக்குப் பிரசிடென்ட் என்று பெயர். அமெரிக்காவில் அதே பெயரில் இருப்பவருக்கு எங்கள் ஊர் அளவுக்குப் போட்டி இருக்காது என்பது பொதுவான எண்ணம். இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சிவகாசியில் அச்சகம் நடத்துபவர், சின்னம் பூட்டுச்சாவி. மற்றவர் நமது தாய்மாமன். தலையில் ஒரு முடிகூட இல்லாத அவருக்குத் தேர்தல் அலுவலர் ஒதுக்கிய சின்னம் சீப்பு.

நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவள். எந்தத் தேர்தலையும் விளைவுகளைக் கொண்டு எடைபோடவேண்டும் என்று நம்புகிறவள். இரு வேட்பாளர்களையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை தயாரித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதிலாக ஒன்பது காலை வணக்கங்களும் ஒரு ரோஜாப்பூவும் வந்தன. இருந்தாலும் அட்டவணை தெளிவாகவே இருந்தது. பூட்டுச்சாவி மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டுவதாகச் சொன்னார். அதற்கான மனுக்களைக் கையோடு வைத்திருந்தார். சீப்பு ஏற்கெனவே ஒருமுறை வார்டு உறுப்பினராக இருந்தவர். அந்த ஐந்தாண்டுகளில் ஊராட்சிக் கூட்டங்களுக்குத் தம் கடை நாற்காலிகளை அனுப்பி, அவற்றில் ஒன்றில் அமர்ந்து உறங்கியது தவிர வேறு செயல் எதுவும் பதிவாகவில்லை.

போர்மேன் பூட்டுச்சாவிக்குத்தான் போடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சீப்பு அவருடைய பகையாளி. பூட்டுச்சாவியோ, செல்விக்குப் பிரசவ வலி கண்ட நாளில் தம் காரில் ஏற்றி விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். அந்த நன்றியைப் போர்மேன் ஒருபோதும் மறந்ததில்லை.

கெடுத்தது வளைவு. ஊர் நுழைவாயிலில், மறைந்த தம் தந்தையின் நினைவாக ஆர்ச் ஒன்றைச் சொந்தச் செலவிலேயே கட்டித் தருவதாகப் பூட்டுச்சாவி அறிவித்தார். போர்மேன் மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, ஆர்ச்சு எம்புட்டு ஒசரம்?"

"கம்பெனி லோடு வேன் தாராளமாப் போகும் அண்ணாச்சி."

"தீயணைப்பு வண்டி?"

"அது எதுக்கு அண்ணாச்சி நம்ம ஊருக்கு வரணும்? நல்லதையே நெனைங்க."

"ரெண்டடி ஒசத்திக் கட்டுனா என்ன?"

"மேல கரண்டு வயரு போகுது. வயருக்குக் கீழ அப்பா செல. அப்பாவுக்குக் கீழதான் வண்டி. அப்பாவச் சின்னதாக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க?"

போர்மேன் சிவகாசிக்குப் பஸ் ஏறினார். தீயணைப்பு நிலையத்தில் நின்ற வண்டியைக் கயிறு போட்டு அளக்கவேண்டும் என்றார். கயிற்றுடன் வந்த முதியவரை எப்படிக் கையாளுவது என்று தெரியாமல் அவர்கள் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, பிறகு அளக்கவும் விட்டார்கள். வண்டியின் உச்சி இருக்கும் இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். ஆர்ச் வரப்போகும் உயரத்துக்கு அந்த முடிச்சு முழுசாக ஒரு முழம் மேலே இருந்தது.

செல்வி வேலை செய்யும் கம்பெனி ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. சிவகாசியிலிருந்து வண்டி அங்கே போக அந்த நுழைவாயிலை விட்டால் வேறு பாதை கிடையாது.

நான் அவரிடம் முறையாகவே வாதாடினேன். தண்ணீர் ஊர் முழுவதற்கும் தினந்தோறும் தேவை. தீயணைப்பு வண்டி வராமலே போகலாம். ஒரு குறைக்காக முழு நன்மையையும் தள்ளுவது சரியா என்று கேட்டேன்.

"தண்ணிக்குத் தெனமும் சண்ட போடலாம் தாயி. கொடத்தத் தூக்கிட்டு ரோட்ல உக்காரலாம். இது ஒரே ஒருநாள் வேணும். அன்னைக்குச் சண்ட போட நேரமிருக்காது" என்றார். என் அட்டவணையில் இதற்குக் கட்டம் இல்லை.

அன்று மாலையே பிரசாரம் தொடங்கிவிட்டது. "சீப்புக்குப் போடுங்க. அவன் ஒண்ணுஞ் செய்யமாட்டான். ஒரு செங்கல் எடுத்து வைக்கமாட்டான். நம்பிப் போடுங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் முன்வாசலில் சொன்னார்; பின்வாசல் இருந்த வீடுகளில் அங்கேயும் போய் ஒருமுறை சொன்னார்.

இரண்டாம் நாள் மாரியக்கா டீக்கடையில் வேட்பாளரும் அவருடைய பிரசாரகரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாததால் இருவரும் மாரியக்கா மூலமாகவே பேசினார்கள்.

"ஏக்கா, அவர வாய மூடச் சொல்லு. என் மானம் போகுது."

"மாரி, அவனுக்குத்தான் நான் ஓட்டுக் கேக்குறேன்னு சொல்லு."

"ஓட்டுக் கேக்குற லட்சணமா இது? நான் சோம்பேறின்னு ஊரெல்லாம் தமுக்கடிக்கிறாரு!"

"இல்லாததச் சொல்றேனான்னு கேளு."

"ரெண்டு பேரும் எதிரெதுக்க ரெண்டடி தூரத்துல இருக்கீக," என்றார் மாரியக்கா. "எனக்குப் பால் பொங்குது. நீங்களே பேசித் தொலைங்க."

பேசவில்லை. மனம் நொந்துபோன தாய்மாமன் தாமும் செயல்வீரர்தான் என்று நிரூபிக்க முடிவெடுத்தார். போர்மேனுக்கு எது பிடிக்கும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும் அல்லவா? மறுநாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவெல்லாம் முழங்கினார்: "அவுக ஒரு ஆர்ச்சுதான் கட்டுவாக! நான் ஊருக்கு மேக்க ஒண்ணு, கெழக்க ஒண்ணு கட்டுவேன்! நம்ம ஊருக்கு ரெண்டு வாசல்! ரெண்டு வாசல்!"

போர்மேன் அப்போது எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை வருடம் தாம் ஊருக்குச் சொல்லிவந்தது இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற வருத்தத்தில் அவர் முகம் சுருங்கியது. சிரிப்பை அடக்குவதற்கு நான் அடுக்களைக்குள் போகவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார்.

"வா தாயி. படிச்ச ஆளு ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்."

மச்சினன் வீட்டு முன்வாசல் வழியாகப் போனால் கௌரவம் குறையும் என்பதால் பின்வாசல் வழியாகப் போனோம். சீப்பு வேட்பாளர் குண்டானைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். பிறகு பகை நினைவுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"ஏலே மாப்ள," என்றார் போர்மேன். பன்னிரண்டு வருடங்களில் அதுதான் முதல் வார்த்தை. "அன்னைக்கு வெடி மேல மண்ணு போட்டது சரி. அதுல மாத்தமில்ல. ஒன் மேல போட்டதுதான் தப்பு."

"பட்டு வேட்டி மச்சான். அன்னைக்குத்தான் முதமுதலா கட்டுனேன்."

"தெரியும்."

"பன்னெண்டு வருசங் கழிச்சு வந்து தெரியும்ங்கறீக."

"செல்வி வேல பாக்குற எடத்துக்கு வேற பாத கெடையாது. ஏதாச்சும் ஒண்ணுன்னா வண்டி வெளியவே நிக்கும். அவ உள்ள இருப்பா. நீ அவளுக்குத் தாய்மாமன்லே. வழிய அடைக்காத."

தாய்மாமன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். 

"ரெண்டு ஆர்ச்சும் கேன்சல்," என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணுஞ் செய்யமாட்டான்னு மட்டும் இனிமே சொல்லாதீக மச்சான். என்னமாச்சும் ஒண்ணு செய்வான்னு சொல்லுங்க."

"சரி. என்ன செய்வ?"

அவர் நீண்ட நேரம் யோசித்தார். "தெருவெளக்குல பல்பு மாத்துவேன்."

"அது போதும்" என்றார் போர்மேன்.

தேர்தல் நாளில் தடுப்புக்குப் பின்னால் வாக்குச்சீட்டையும் முத்திரையையும் வைத்துக்கொண்டு நான் நின்ற நேரம், வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்கும் அளவுக்கு நீண்டது. தண்ணீருக்காக நான் பேசாத பேச்சில்லை. எழுதாத மனு இல்லை. அவ்வளவு பாடுபட்ட பிறகும், காலை ஏழு மணிக்குச் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் நடக்கும் செல்விதான் கண்ணுக்கு வந்தாள். சீப்பின் மீது குத்திவிட்டு, திருடியவளைப் போல வெளியே வந்தேன்.

பூட்டுச்சாவிதான் வென்றார். வென்றவர் தண்ணீர்த் தொட்டிக்கான மனுவை நினைவூட்டல் மனுவாக மாற்றினார். ஆர்ச்சுக்கு அஸ்திவாரம் தோண்டினார். இரண்டு தூண்களும் எழும்பின. மேல்வளைவுக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்க ஆள் வருவதாக இருந்த வாரத்தில், ஒருநாள் காலை பத்து மணிக்குக் கிழக்கே புகை எழுந்தது. கம்பெனிக்குப் பின்னால் கொட்டியிருந்த கழிவு மருந்து பற்றிக்கொண்டு, சரக்கு அறைகளை நோக்கிப் புல் வழியாக நெருப்பு நகர்ந்துகொண்டிருந்தது. சிவகாசியிலிருந்து வந்த தீயணைப்பு வண்டி இரண்டு வெற்றுத் தூண்களுக்கு நடுவில் வேகம் குறையாமல் நுழைந்து போயிற்று. நெருப்பு சரக்கு அறைகளைத் தொடுமுன் அணைந்தது; ஒருவருக்கும் காயமில்லை.

ஊரே தூண்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. போர்மேன் அங்கே இல்லை. நான் கம்பெனி வாசலுக்கு ஓடியபோது, வெளியேறிய பெண்கள் வெயிலில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் செல்வியின் எதிரில் மூச்சு வாங்க நின்றிருந்தார். 

"சாப்ட்டியா?" என்றார்.

"மணி இப்பத்தானப்பா பத்தரை" என்றாள் செல்வி. அதன்பிறகு இருவரும் அழுதார்கள்.

மேல்வளைவு இன்றுவரை வரவில்லை. கேட்டால், "டிசைன் மாத்துறோம்" என்கிறார் பிரசிடென்ட். தூண்களைப் பார்த்துக்கொண்டு அவர் அன்று வெகுநேரம் தனியாக நின்றதை நான் கண்டிருக்கிறேன். அதனால் மேற்கொண்டு கேட்பதில்லை. தண்ணீருக்கு மட்டும் மாதம் ஒருமுறை மனுவோடு போய் நிற்கிறேன்.

சில நாள் கழித்துப் போர்மேன் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடித்தபிறகு மெதுவாகக் கேட்டார்.

"தாயி, நீ பூட்டுக்குத்தான போட்ட?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே கையமர்த்தினார். "சொல்லவேண்டாம். படிச்ச பிள்ள, எல்லாத்தையும் யோசிச்சுத்தான் போட்டிருப்ப. நான் மனசுல வச்சுக்கிடல. ஒன்ன மன்னிச்சாச்சு."

அவ்வளவு பெரிய மனதோடு என்னை அதுவரை யாரும் மன்னித்ததில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்கிறேன்.