சுவர் தாண்டி வந்த வைஃபை

கூச்சம் நல்ல குணம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்குக் கூச்சம் இருக்காது. எனக்கு இருக்கிறது, அதனால் தெரியும். பேருந்தில் என் நிறுத்தம் வரும்போது எழுந்து "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடம் வரைக்கும் போய், வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். (வழியில் யாராவது கேட்டால் நடைப்பயிற்சி என்று சொல்லிவிடுவேன்.) முடி வெட்டுகிறவர் "போதுங்களா?" என்று கேட்டால் எப்போதும் "போதுங்க" தான். ஒரு தடவை பாதி மீசை போன பிறகும் அதையே சொன்னேன்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. தொழில், நாமக்கல்லில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது. தார்ப்பாய் எதுவும் கேள்வி கேட்காது என்பதால் இத்தனை வருஷம் காலம் தள்ளிவிட்டேன்.

எங்கள் வீடும் அண்ணன் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அண்ணன் கோழிப்பண்ணையில் மேற்பார்வையாளர். பண்ணையின் கேமராக்களை வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக அவர்தான் முதலில் வைஃபை பெட்டி மாட்டினார். அந்தப் பொங்கலன்று அவருடைய மகன் என் போனை வாங்கி எதையோ அழுத்திக் கொடுத்தான். அன்றிலிருந்து நான் கட்டிலில் படுத்தபடியே ஆட்டுச் சந்தை வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். ஆடு வாங்கும் எண்ணம் கிடையாது. பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பிறகு அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. அவசரத்தில் அண்ணன் பத்திரிகையைப் போனிலேயே எனக்கு அனுப்பிவிட்டார். என் மனைவிக்கு வந்ததே கோபம். ஒரு சுவர் தள்ளி இருந்துகொண்டு, தட்டு வைத்து நேரில் அழைக்க முடியாதா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், ஆனால் அதை என்னிடம் கேட்டாள். அண்ணனிடம் கேட்க எனக்குக் கூச்சம். காதுகுத்துக்குப் போகவில்லை. அவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதோடு அந்த வீட்டில் இனி கை நனைப்பதில்லை என்று முடிவாயிற்று. தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "அவங்க ஊட்ல மட்டுந்தான் நெட்டு இருக்கோணுமா?" என்று என் மனைவி எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி மாட்ட வைத்தாள். அண்ணன் வீட்டுக்கு மாட்டிய அதே கேபிள்காரர்தான் வந்தார். வீட்டுவரி ரசீது இரண்டு வீட்டுக்கும் எங்கள் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக் கேபிள்காரர் இரண்டு பெட்டிக்கும் அப்பாவின் பெயரையே, 'செங்கோடன்' என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. அண்ணன் அடிக்கடி வாசலில் நின்று, நெட்டு நகரவே மாட்டேன் என்கிறது என்று கேபிள்காரரைத் திட்டுவார். அது காதில் விழும்போதெல்லாம் என் மனைவி கொஞ்சம் கூடுதலாகவே குழம்பு ஊற்றுவாள். நானும் கட்டிலில் படுத்து ஆடு பார்த்துக்கொண்டு, பாவம், அவர்களுக்கு நல்ல பெட்டி அமையவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த நிலைமையில்தான் என் மகள் காவ்யாவுக்கு வேலைக்கான தேர்வு வந்தது. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். காப்பி அடிக்காமல் இருக்க, ஒரு போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் கேமரா முதுகுப்பக்கமிருந்து பார்க்கிற மாதிரி வைக்க வேண்டுமாம். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். இணையாவிட்டால் கேள்வித்தாள் திறக்காது. அதற்கு முன் இரண்டு கம்பெனிகள் அவளை வேண்டாம் என்றிருந்தன. இதுவும் போனால் அவள் அத்தை ஊரில் பார்த்து வைத்திருந்த ஜவுளிக்கடைக் கணக்குப் பிள்ளை வேலைதான். அவள் போன் முந்தின நாள் ராசிபுரம் பேருந்து நிலையத்தில் விழுந்து நொறுங்கிவிட்டது. ஆகவே என் போன். என் வாழ்நாளில் என் பொருள் ஒன்று படிப்புக்குப் பயன்படுவது அதுதான் முதல் தடவை. போனை வேட்டியில் துடைத்து, மாப்பிள்ளையை அனுப்புவது போல அனுப்பி வைத்தேன்.

இணையவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு சக்கரம் சுற்றிச் சுற்றி, இரண்டும் ஒரே வைஃபையில் இல்லை என்றது. காவ்யா பார்த்தாள். கம்ப்யூட்டரில் செங்கோடன். போனில் செங்கோடன். போனின் சிம் நெட்டை அணைத்தாள். போனையே அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். என் போனில் எல்லாம் தமிழில் இருக்கும்; இங்கிலீஷில் படித்த பிள்ளைக்கு அது புரியாமல், நான் எழுத்துக் கூட்டி வாசித்துச் சொன்னேன். என் மனைவி சாமி விளக்கை ஏற்றினாள். சக்கரம் சுற்றியது. காவ்யாவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

கடைசியாக, பெட்டியையே அணைத்துப் போடலாம் என்று காவ்யா பிளக்கைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டரில் நெட்டு போய்விட்டது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரல் எங்கோ பட்டது. ஆட்டுச் சந்தை ஓட ஆரம்பித்தது. கணீரென்று ஒரு கிடா கத்தியது.

காவ்யா பிடுங்கிய வயரைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். "அப்பா, நம்ம பெட்டி செத்துக் கெடக்குது. உங்க போன்ல ஆடு எப்படிங்கப்பா கத்துது?"

எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டிலை ஒட்டிய சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அண்ணன் வீட்டுப் பெட்டி. தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றிருந்த வீட்டில், நான் ஒரு வருஷத்துக்கு மேலாக மூன்று வேளையும் கை நனைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்பதால் போன் முதலில் பழகிய பெட்டியையே பிடித்துக்கொள்ளும், பெரியப்பா அவருடையதைக் கொஞ்ச நேரம் அணைத்தால்தான் வழி என்றாள். "போய்க் கேளுங்கப்பா. நேரமில்லை."

போனேன். அதாவது, அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. இருமினேன். சாக்கடையைக் குனிந்து பார்த்தேன். உள்ளேயிருந்து அண்ணி பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க தம்பி வந்து நிக்கறாரு. மூஞ்சியப் பாத்தா என்னமோ எழவு விழுந்தாப்பல இருக்குது" என்றார்.

அண்ணன் துண்டோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "யாருடா?"

"வைஃபைங்கண்ணா" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. உங்கள் வைஃபையைத்தான் இவ்வளவு நாளும் தின்றேன், இப்போது அதைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள் என்று ஒரு மனிதன் எந்த முகத்தோடு கேட்பான்? நான் சாக்கடையின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நானு பத்திரிகை அனுப்புனதையும் என்ற நெட்டுலயே வாங்கிப் பாத்துப்போட்டுத்தான், நேர்ல கூப்புடலைன்னு கோவிச்சுக்கிட்டயாக்கும்?"

நான் மறுபடியும் சாக்கடைக்குக் குனிந்தேன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதெதுக்கு அணைக்கோணும்?" என்றார் அண்ணன். "அந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிட்டு புள்ளைய இங்க வரச் சொல்லு. ரெண்டும் எங்க ஊட்டு நெட்டுலயே இருந்துட்டுப் போவுது."

காவ்யா ஓடி வந்தாள். அண்ணன் கம்ப்யூட்டரில் தன் பெட்டியின் பாஸ்வேர்டைத் தட்டினார். சக்கரம் ஒரு சுற்று சுற்றி நின்றது. இணைந்துவிட்டது. அவளை உள் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினோம். வேறு குரல் ஏதாவது கேட்டால் தேர்வே ரத்து என்று எங்களிடம் சொல்லியிருந்தாள்.

அதனால் அன்று நடந்த சமாதானம் முழுக்கப் பேச்சில்லாமல் நடந்தது. நானும் அண்ணனும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஒரு வருஷக் கதையைக் கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. எனக்கு அதைவிட வசதியான சமாதானம் இருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் என் மனைவி, யாரைக் கேட்டு அந்த வீட்டுப் படி ஏறினீர்கள் என்று கேட்கும் முகத்தோடு வந்தாள். வாயைத் திறந்தாள். அண்ணி உதட்டில் விரல் வைத்து உள் அறையைக் காட்டினார். திறந்த வாய் மூடவில்லை. அண்ணி அவள் கையில் ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்தார். உள்ளே மகளின் தேர்வு நடக்கிறது; மறுத்துச் சொல்லவும் குரல் வேண்டும். என் மனைவி காப்பியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், குடித்தாள்.

காவ்யா வெளியே வந்து, "எழுதிட்டேன்" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். என் மனைவிதான் முதலில் பேசினாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டப் போகிறாள் என்று நான் செருப்பைத் தேடினேன். "காப்பியில சக்கரை பத்தலைங்கக்கா" என்றாள்.

"நாளைக்கு வா. போட்டுத் தாரேன்" என்றார் அண்ணி.

மறுநாளும் போனாள். இன்றைக்கும் போகிறாள். காவ்யாவுக்கு அந்த வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் அவள் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சேலை எடுத்தாள்.

ஆனால் அண்ணன் என்னை விடவில்லை. யார் புதிதாக வந்தாலும் தோளில் கை போட்டு, "இவன் என்ற தம்பிங்க. வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டானுங்க. செவுரு தாண்டி எடுத்துக்குவான்" என்றுதான் அறிமுகம் செய்கிறார். வீட்டு ஆட்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போன மாதம் காவ்யாவைப் பெண் கேட்டு வந்தவர்களிடமும் அப்படியே சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே கைப்பையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டார். என்ன நடந்தது என்று நான் விளக்கியிருக்க வேண்டும்தான். கூச்சமாக இருந்தது.