டேங்கில் மிச்சமிருந்த காற்று

தெரிந்த வேலையில்தான் என் மானத்தை நானே வாங்கிக்கொள்வேன். தெரியாத வேலை என்றால் கூச்சத்தில் ஓரமாக நின்று தப்பித்துவிடுவேன்.

என் மகள் நிவேதா பதினொன்றாம் வகுப்பு. அவளும் இரண்டு தோழிகளும் பந்து உதைக்கும் ரோபோ ஒன்று செய்திருந்தார்கள். கம்ப்ரசரிலிருந்து அதன் சின்ன டேங்கில் காற்றை அடைக்க வேண்டும். பொத்தானை அமுக்கினால் இரும்புக் கால் பாய்ந்து உதைக்கும். போட்டியில் பாதுகாப்புக்கு ஒரு பெரியவர் பொறுப்பேற்க வேண்டும். பரிசோதனையில் தேறாத ரோபோவுக்குக் களத்தில் இடமில்லை.

"எங்கப்பா மைன்ஸ்ல சேஃப்டி" என்று என் பெயரைக் கொடுத்துவிட்டாள். (நான் படித்தது பத்தாவது. மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் ஹெல்பர். மெஷினை நிறுத்தியதும் சிவப்பு அட்டை மாட்டுவது என் வேலை. மாட்டிவிட்டால் பெரிய அதிகாரிகூடக் கை வைக்க மாட்டார்.)

போட்டியன்று பரிசோதிக்க வந்த நடுவரம்மா குனிந்து பார்த்தார். "கால்ல போல்ட் லூசா இருக்கே. காத்தை நிறுத்திட்டு டைட் பண்ணுங்க சார்."

என்னை ஒருவர் சார் என்றது அதுதான் முதல்முறை. கம்ப்ரசர் வால்வை மூடி, என் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டினேன். "கிட்ட வராதீங்கம்மா" என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, ரோபோவுக்கு நேர் எதிரே குந்தினேன்.

ஸ்பேனரைத் திருப்பும்போது முழங்கை பொத்தானில் பட்டது. அட்டை மாட்டியிருக்கும் விஷயம் ரோபோவுக்குத் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே விட்டது பாருங்கள் ஓர் உதை! மல்லாந்த என் தலை நடுவரம்மாவின் செருப்பின் மேல் கிடந்தது.

அவர் மேலிருந்து கேட்டார்: "கம்ப்ரசரை மூடினீங்க. டேங்க்ல இருந்த காத்தை யாரு சார் வெளிய விட்டது?"

தேறவில்லை. மறுபரிசோதனைக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள்.

நிவேதா என் முகத்தைப் பார்க்கவில்லை. "விடுப்பா. வூட்டுக்குப் போலாம்."

"போவ மாட்டேன்!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. (அது என் குரல்தானா என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.) வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, வேலைப் பையில் கிடந்த சின்ன வால்வை டேங்கின் குழாயில் பொருத்தினேன். அதைத் திறந்து, அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே யாரும் தொட வேண்டும் என்று மூன்று பெண்களையும் சொல்லச் சொல்லிப் பழக்கினேன்.

நடுவரம்மா மறுபடி வந்தார். வால்வைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று போய் முள் படுத்தது. அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று என் இன்னொரு காலை எதிரே நீட்டி, "இப்ப அமுக்குங்க மேடம்" என்றேன்.

"காலை எடுங்க சார். அதுக்கும் மார்க் கொறைப்பேன்."

தேறினோம். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஆனாலும் களத்தில் இறங்கித்தான் தோற்றோம்.

இப்போதெல்லாம் வீட்டில் சண்டை முடிந்து, "எனக்குக் கோவமே இல்ல" என்று நான் உட்கார்ந்தால் போதும், என் மனைவி மகளை எச்சரிக்கிறாள்: "கிட்ட போவாதடி. கம்ப்ரசரைத்தான் மூடியிருக்காரு. உள்ள இன்னும் காத்து இருக்கு."