சயனத்தில் இருந்த சிவப்புக் கார்

திருச்சி ஜில்லாவில் கார் ஓட்டத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். சொல்வது யார்? ஐந்தாம் வகுப்பு வாசலோடு திரும்பி வந்து, லாரிக்கு அடியில் படுத்தே தொழில் கற்றுக்கொண்டு, இன்று எடமலைப்பட்டி புதூரில் ஒரே நேரத்தில் பதினோரு வண்டி நிற்கும் பட்டறைக்குச் சொந்தக்காரன். இன்ஜினியரிங் படித்தவர்களே என்னிடம் வந்து, "அண்ணே, சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கொஞ்சம் பாருங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆகவே என் பேச்சை நம்பலாம்.

ஸ்ரீரங்கத்தில் அந்த ஒருவருக்குப் பெயர் இத்தாலி மாமா. சொந்தப் பெயர் என்ன என்பது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். தொழிற்சாலையில் டிராயிங் போட்டு ரிட்டயர் ஆனவர். அங்கே மெஷின் பொருத்த வந்த இத்தாலிக்காரர், ஊருக்குக் கிளம்பும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான் பெயருக்குக் காரணம். இரண்டே கதவு. முன் சக்கரம் இழுக்கும், பின் சக்கரம் சும்மா கூடவே வரும். உத்திர வீதியில் அது நின்றால் பசுமாடுகூடக் குனிந்துதான் பார்க்கும். அவ்வளவு குள்ளம்.

எனக்கு அவர் பழக்கமானது போனில்.

"மேஸ்திரி, சீக்கிரம் வாங்கோ. கார்த்தாலேர்ந்து எழுந்தருளலே. சயனத்துல இருக்கார்."

வீட்டில் பெரியவர் யாரோ படுத்துவிட்டார், தூக்கிப் போக வண்டி கேட்கிறார் என்று நினைத்தேன். அரை டஜன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு, முகத்தையும் அதற்குத் தகுந்தாற்போல வைத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

"எங்கே சாமி, பெரியவரு?"

"இதோ" என்று காரைக் காட்டினார்.

கோயிலில் பெருமாளுக்குச் சொல்லும் வார்த்தை அத்தனையும் அவர் காருக்குச் சொல்வார். கார் கிளம்பினால் எழுந்தருளினார். கிளம்பாவிட்டால் சயனம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் திருமஞ்சனம். குடிக்கிற பெட்ரோல், தளிகை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறுவார். கழற்றிய செருப்பு கழற்றிய இடத்திலேயே நின்றுவிடும். இவர் வெறுங்காலோடு வேறெங்கோ போய் இறங்குவார். மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஜோடி கிடந்தது. என் பட்டறை வாசலில் மட்டும் மூன்று ஜோடி.

மாமிக்கு இதெல்லாம் பொறுக்காது. "அபசாரம்! பெருமாளுக்குச் சொல்றதை இந்தத் தகரத்துக்குச் சொல்றேளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

நானும் சொல்லிப் பார்த்தேன். "சாமி, இன்ஜினும் முன்னாடி, இழுக்கிறதும் முன்னாடி. பழைய வண்டி வேற. இதைத் தினமும் எப்படி ஓட்டுவீங்க?"

"ஏன் மேஸ்திரி, சித்திரைத் தேருக்கு வடம் எங்கே கட்டறா? முன்னாடியா, பின்னாடியா?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. என் வாழ்க்கையில் வாய் அடைத்தது இரண்டே தடவை. இது முதல் தடவை.

ஆனால் கார் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வைப்பரைப் போட்டால் ஹாரன் அடிக்கும். ஹாரனை அழுத்தினால் ஜன்னல் இறங்கும். வேகத்தடை வந்தால் காரைச் சாய்வாகத் திருப்பி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல ஏற்றி இறக்குவார். பின்னால் வரும் டவுன் பஸ் டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். வாரத்துக்கு இரண்டு தடவை வீதியே கூடித் தள்ளும்.

கடைசியில் ஒரு நாள், நான் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மாமி வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏன்னா, நான் வெளியில தலை காட்ட முடியலே. என்னைப் பார்த்தாலே எதிராத்து மாமா இடுப்பைப் பிடிச்சுக்கறார். கேட்டுக்கோங்கோ. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், இது தினம் ஓடணும். ஒருத்தர் கையும் இது மேல பட்டுத் தள்ளப்படாது. தள்ளினாளோ, அன்னிக்கே வித்துடணும்."

"வித்துட்டா நான் எதுல போவேன்?"

"ஆட்டோவுல."

மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரின் கூரைமேல் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. நான் எழுந்தேன். "மாமி, நாப்பத்தெட்டு நாளும் ஒரு கை படாம ஓடும். ஓடலேன்னா என் பட்டறை போர்டைக் கழட்டிடறேன்."

ஐந்து நாள் அந்தக் காரோடு மல்லுக்கட்டினேன். இத்தாலிக்காரன் போட்ட ஒயரையெல்லாம் கொத்தாகப் பிடுங்கி எறிந்துவிட்டு என் கையால் புதிதாக இழுத்தேன். சின்ன லோடு வண்டியின் ஃபேனைப் பொருத்தினேன். ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு விரல் உயர்த்தினேன். காரைப் படைத்தவனே வந்து பார்த்திருந்தால் என்னிடம் வேலைக்குச் சேர்ந்திருப்பான்.

ஓடியது! கறிவேப்பிலை வாங்க ஓடியது. கத்திரி வெயிலில் காவேரிப் பாலத்து நெரிசலில் நின்று நின்று ஓடியது. தினமும் காலையில் போன் வரும். "மேஸ்திரி, எழுந்தருளியாச்சு!" நாற்பத்தேழு நாள், நாற்பத்தேழு போன்.

நாற்பத்தெட்டாம் நாள் மாமியே, "மண்ணச்சநல்லூர் போய் அரிசி வாங்கிண்டு வந்துடலாம்" என்று முன் சீட்டில் ஏறிவிட்டார். என் வேலை ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? நான் பின் சீட்டில், முழங்கால் காதைத் தொட, மடங்கி உட்கார்ந்தேன். மில்லில் டிக்கி நிறைய, இருபத்தைந்து கிலோ சிப்பமாக நாலு சிப்பம் அரிசி ஏற்றினோம். என் உடம்பும் சிப்பக் கணக்கில் நாலு வரும்.

அரிசி ஏற்றி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டு அடித்து ஓய்ந்தது. அந்த மில், ரோட்டுக்குத் தெற்கே பள்ளத்தில் இருந்தது. ரோட்டுக்கு ஏறும் மேட்டில் உமியும் களிமண்ணும் குழைந்து கிடந்தன. மாமா ஏற்றினார். முன் சக்கரம் விர்ரென்று சுற்றியது, கார் நகரவில்லை. மறுபடி ஏற்றினார். சேறு பறந்ததுதான் மிச்சம். மூட்டை தூக்குகிறவர்கள் ஆறு பேர், "இருங்க சாமி, ஒரு கை கொடுக்கிறோம்" என்று ஓடிவந்தார்கள்.

"தொடாதேங்கோ!" மாமா போட்ட கூச்சலில் ஆறு பேரும் நட்டுவைத்ததுபோல நின்றார்கள்.

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, ஏதாவது சொல்லுங்கோ" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாய் அடைத்த இரண்டாவது தடவை இதுதான்.

மாமி கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். தூரத்தில், மரங்களுக்கு மேலே, ராஜகோபுரத்தின் தலை தெரிந்தது.

"ஏன்னா, சன்னதியிலேர்ந்து எப்படி வெளியில வருவேள்?"

"பெருமாளுக்கு முதுகு காட்டாம, பின்னாலேயே நடந்து."

"அப்படி வாங்கோளேன். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிண்டு ஏறினா எப்படி ஏறும்?"

என் மண்டையில் பல்பு எரிந்தது. ரிவர்ஸ்! அரிசியும் நானும் பின்னால் அழுத்தினால் முன் சக்கரம் எப்படி மண்ணைப் பிடிக்கும்? பின்பக்கமாக ஏறினால் பாரமெல்லாம் சரிந்து முன் சக்கரத்தின்மேல் அல்லவா விழும்! "சாமி, கீழே விட்டுத் திருப்புங்க! ரிவர்ஸ்ல ஏத்துங்க!" என்று கத்தினேன். இந்த யோசனை என்னுடையது என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அச்சில் ஒத்துக்கொள்கிறேன், மாமியுடையது.

கார் மில் வாசலில் வட்டம் அடித்தது. மூக்கை ஸ்ரீரங்கத்துப் பக்கம் வைத்துக்கொண்டு, பின்பக்கமாக மேடேறியது. சக்கரம் ஒருமுறை முனகியது. பிறகு மண்ணைக் கவ்வியது. ஒரு கை படவில்லை! ரோட்டில் ஏறியதும் ஆறு பேரும் விசில் அடித்தார்கள். மாமா ஹாரனை அழுத்தினார். ஹாரன்தான் அடித்தது, ஜன்னல் இறங்கவில்லை. அது என் ஒயரிங்.

"எழுந்தருளியாச்சு" என்றார் மாமி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். "பழைய இத்தாலி வண்டிண்ணே, முன் சக்கரம் இழுக்கிறது. தினமும் ஓட்டலாமா?" தாராளமாக ஓட்டலாம். ஒயரிங் நான் செய்திருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் மாமி இருக்க வேண்டும்.

போன வருஷம் மாமாவுக்கு முழங்கால் மக்கர் செய்து, கிளட்ச்சை மிதிக்க முடியாமல் போனது. இருவரும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிளம்பும்போது காரின் சாவியை என் கையில் வைத்தார். தினமும் காலையில் போன் மட்டும் வந்துவிடும்.

"எழுந்தருளியாச்சா, மேஸ்திரி?"

"ஆச்சு சாமி."

பட்டறை வாசலில் அவருடைய மூன்று ஜோடி செருப்பும் அப்படியே இருக்கின்றன. அந்தக் காரை எடுத்துக்கொண்டு நான் கிளம்பும்போது, பக்கத்தில் நாலாவதாக என் ஜோடியும் நிற்கும்.