சாரெலின் புருவமும் பண்ணை முத்திரையும்

என் தம்பி சாரெலின் புருவம் கிழிந்தபோது அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: சாரெல், அவன் மனைவி எல்சபே, நான். சம்பந்தி தியூன்ஸ் அங்கே இல்லை. பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை சாரெலின் மகள் ரிகாவுக்குக் கல்யாணம். விருந்துக்கான எலாண்ட் மானைப் பெண்ணின் தகப்பன்தான் சுட வேண்டும். எங்கள் தாத்தாவின் ரைபிள் காட்டெருமையையே சாய்க்கும். சுடுகிறவனையும் ஏறக்குறையச் சாய்த்துவிடும். சாரெலுக்கோ கண் மங்கிவிட்டது. ரைபிள் மேல் பொருத்திக் குறிபார்க்க ஒரு ஸ்கோப் வாங்க ஒட்ஜிவாரோங்கோ நகரத்துக்குப் போனான்.

நல்ல ஸ்கோப்புக்கு ஒரு காளையின் விலை சொன்னார்கள்.

"ஆட்டு விலையில ஏதாவது காட்டுப்பா. ஆனா எங்க ரைபிள் உதைக்கிற உதைக்கு உடையக்கூடாது."

"இது உடையவே உடையாது. ஒரே ஒரு குறை. கண்ணைக் கிட்டக் கொண்டுபோனாத்தான் தெரியும். உங்க ரைபிளுக்கு நாலு விரல் இடைவெளி வேணும். இதுல ரெண்டுதான் இருக்கு."

"கண்ணு என்னோடது, நான் பாத்துக்கறேன். உடையாதுல்ல?"

"உடையாது."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆணியை எடுத்து அதன் குழாயில் எங்கள் பண்ணை முத்திரையைக் கீறினான். கன்றானாலும் வாளியானாலும் எங்கள் பண்ணைக்குள் வந்தால் முத்திரை விழும். பிறகு கரையான் புற்றில் காகிதம் குத்திச் சுட்டான்.

"அண்ணே, பட்டுதா?"

"பட்டுது. காகிதத்துல இல்ல."

ரைபிள் உதைத்ததில் ஸ்கோப்பின் விளிம்பு இடித்து, வலது புருவத்தில் அரைவட்டமாக ரத்தம். எல்சபே துணியோடு ஓடி வந்தாள்.

"ஐயோ, தியூன்ஸ் பாத்தா?"

அதுதான் விஷயம். நிச்சயதார்த்தத்தன்று எல்லோர் முன்னிலையிலும் தியூன்ஸ் சொல்லியிருந்தார்: "மலிவு ஸ்கோப் வாங்கின கஞ்சனைப் புருவத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன்." அவர் ஒருமுறை சிரித்தால் மாவட்டமே ஒரு வருஷம் சிரிக்கும்.

மறுநாள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சாரெல் எலாண்டைச் சுட்டான். மான் விழுந்தது. காயத்தின் மேல் இன்னொரு காயமும் விழுந்தது.

"சாட்சிய வீட்டுல வைக்காத. திருப்பிக் குடுத்துடு" என்றேன். கடைக்காரன் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டான்.

பிளாஸ்திரி ஒட்டினோம், தூரத்திலிருந்தே தெரிந்தது. எல்சபே தன் முகப்பவுடரைப் பூசினாள். வெயிலில் பவுடர் வழிந்து, காயம் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியது.

"என்னங்க, பேசாம தொப்பியப் போட்டுக்கங்க."

சனிக்கிழமை தேவாலயத்தின் முன்வரிசையில் சாரெல் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டு உட்கார்ந்தான். எதிர்ப்பக்க முன்வரிசையில் தியூன்ஸ். அவர் தலையிலும் தொப்பி.

"திமிரப் பாரு, நம்ம ஆலயத்துல வந்து தொப்பியோட உக்காந்திருக்கான்" என்று என் காதைக் கடித்தான் சாரெல்.

"உன் தலையில என்ன, கிரீடமா? சும்மா இரு."

போதகர் வேதப்புத்தகத்தை மூடினார். "தகப்பன்மாரே, தொப்பிய எடுக்காம நான் ஜெபத்தத் தொடங்க மாட்டேன்."

ரிகா திரும்பிப் பார்த்தாள். வேறு வழியில்லை. இருவரும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள்.

சாரெலின் வலது புருவத்தில் அரைவட்டம். தியூன்ஸின் வலது புருவத்திலும் அரைவட்டம்.

பின்வரிசையில் யாரோ "அடிச்சுக்கிட்டாங்களா!" என்றார்கள்.

தியூன்ஸின் மனைவி ஹெஸ்டர் பொறுக்கமாட்டாமல் எழுந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன், வேண்டாம்னு. கேட்டாரா? 'சாரெல் தன் பண்ணை முத்திரையே போட்டு வச்சிருக்கான்டி, நம்பி வாங்கலாம்'னு கடையிலேருந்து தூக்கிட்டு வந்துட்டாரு!"

கல்யாணத்தில் சம்பந்திகள் கைகலந்தார்கள் என்று ஒட்ஜிவாரோங்கோவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். பொய். யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை. இருவரையும் அடித்தது ஒரே ஸ்கோப், அதிலும் முதல் அடி எங்கள் குடும்பத்துக்குத்தான். அது மட்டமான சரக்கு என்பதும் பொய். எங்கள் முத்திரையைத் தவிர, அதில் இன்றுவரை ஒரு கீறல்கூட விழவில்லை.