அனல்வீரனும் அலைவீரனும் விழ மறுத்த விஷயம்

திருவொற்றியூர்,
ஆயுத பூஜைக்கு மறுநாள், 2001.

வடிவுடையம்மன் துணை.

பெரம்பூரில் சௌக்கியமாக இருக்கும் தம்பி செங்குட்டுவனுக்கு அக்கா புஷ்பவல்லி எழுதுவது. இங்கே அம்மன் தயவில் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

கணக்கு தவறக் கூடாது என்பதால் நேற்று பூஜை நாடகத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் அனல்வீரனாக உன் மாமா, அலைவீரனாகப் பக்கத்து வீட்டு அம்புரோஸ். கீழே முன்வரிசையில் நான், அம்புரோஸ் சம்சாரம் ரோசி, ஊரிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன், ஆட்டோ ரஷீது. சுண்டல் அண்டாவைச் சுற்றித் தெருவே நின்றது. நாடகம் எழுதிய நீ மட்டும் இல்லை.

பூஜைக்கு வாழைமரம் கட்டிய டிரைலர் லாரிதான் மேடை. என் கல்யாணப் புடவைதான் உன் மாமா முதுகில் பறந்த தீ. அம்புரோஸுக்கு நீலத் தார்ப்பாய். வசனமெல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் நீ எழுதியது என்ன? 'இருவரும் பயங்கரமாக மோதுகிறார்கள். திரை.' யார் விழுவது என்று எழுத வேண்டாமா? லாரிக்கு ஏதப்பா திரை? மோதினார்கள், மோதினார்கள், நிறுத்த வழி தெரியாமல் மோதிக்கொண்டே இருந்தார்கள். உன் மாமா ரகசியமாக, ஆனால் மைக்கில் எல்லாருக்கும் கேட்கும்படி, "வுழுடா அம்புரோஸு" என்றார். "நான் இன்னாத்துக்கு வுழணும்? மச்சான் குந்திகினு பாக்குறாரு. நீ வுழு நைனா" என்றான் அவன். "யாராச்சும் ஒருத்தர் சாவுங்கப்பா, சுண்டல் ஆறிப் பூடுது!" என்று ரஷீது கத்த, தெருவே சிரிக்க, அந்தச் சிரிப்பில் ரோஷம் வந்து நிஜமாகவே தள்ளிக்கொண்டார்கள், வாழைமரம் சாய்ந்தது, புடவை டர்ரென்று கிழிந்தது, "அம்மா தாயே" என்று நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் மாவீரர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி சுண்டல் அண்டாமேல் கிடந்தார்கள்.

அதோடு முடிந்ததா? எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் கொல்லைக் கதவைப் பகலில் சாத்தியதே கிடையாது. இப்போது இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். ஒரே ஸ்கூட்டரில் மணலிக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்று ஆளுக்கொரு பஸ்ஸில் போனார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு விம்கோ நகரில் இதே நாடகத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. "அன்னிக்கு வச்சிக்கிறேன் அவன" என்று உன் மாமா தண்டால் எடுக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கமும் மூச்சு வாங்கும் சத்தம். இரண்டு பேருக்கும் சர்க்கரை வேறு. யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் நானும் ரோசியும் எந்த முகத்தோடு பார்த்துக்கொள்வது?

அதனால் முடிவை நானே சொல்கிறேன், எழுதிக்கொள். திருவிழாவில் நம் தெரு அம்மனும் அடுத்த தெரு அம்மனும் முச்சந்தியில் எதிர்ப்பட்டால் என்ன நடக்கும்? தூக்கி வருகிறவர்கள் மூன்று தரம் குனிந்து எழுவார்கள், கற்பூரம் காட்டி மாலை மாற்றுவார்கள், அவரவர் வழியில் போவார்கள். யார் பெரியவள் என்று எவனாவது கேட்டானா? சக்தி உள்ளவர்கள் எதிர்ப்பட்டால் அப்படித்தான் இருக்க வேண்டும். வீரர்களும் குனிந்து மாலை மாற்றட்டும். கல்யாணம் மாதிரி இருக்குமே என்று சிரிக்காதே.

உன் வீட்டில் விளக்கு அணையாமல் அம்மன் காக்கட்டும்.

அக்கா,
புஷ்பவல்லி

பி.கு.: இந்த முடிவைச் சொல்லக் கொல்லைக் கதவைத் தட்டினேன். ரோசி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ரொம்ப நல்லா கீதுக்கா. ஆனா மொதல்ல உங்க வூட்டுக்காரு குனியட்டும், அப்பால எங்காளு குனிவாரு" என்றாள். எங்கள் பக்கத் தாழ்ப்பாளை நானே போட்டுவிட்டு வந்தேன். மாலையெல்லாம் வேண்டாம். அலைவீரன் விழுகிறான் என்று எழுது. சீக்கிரம் பதில் போடு.