ட்ரோனுக்குக் காய்ச்சல்

ஒருவர் தொட்ட கருவியை இன்னொருவர் தொடுவதற்கு முன் கிருமிநீக்கம் செய்ய வேண்டும் என்பது நல்ல விதி. அதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பின்னால் யாரும் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பக் கூடாது பாருங்கள்.

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் ஒரே ஒரு ட்ரோன். அதைப் பறக்கவிட நாங்கள் மூன்று பேர். காலையில் நான், மத்தியானம் ஒருவர், சாயங்காலம் ஒருவர். கையில் பிடிக்கும் ரிமோட் ஒன்று. ட்ரோன் பார்ப்பதை நாமும் பார்ப்பதற்காக முகத்தில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி ஒன்று. அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பஞ்சுப் பட்டை உண்டு. மூன்று பேர் நெற்றி வேர்வையையும் பாரபட்சமில்லாமல் குடித்துவிட்டு அது எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

தொற்று வந்தது. ஊரில் ஒரு தெருவைத் தகரம் அடித்து மூடினார்கள். அங்கே மருந்தோ அவசர சாமானோ எதுவானாலும் ட்ரோன் வழியாக மட்டுமே போக வேண்டும், மனிதர் எவரும் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. நாங்கள் ஸ்பிரிட் நனைத்த துணியால் ரிமோட்டைத் துடைப்போம், பஞ்சுப் பட்டையைக் கழற்றி அவரவர் பட்டையை மாட்டிக்கொள்வோம், கையைக் கழுவுவோம், பறக்கவிடுவோம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வேலை இவ்வளவு சுலபமாக நடந்ததுதான் எங்கள் அதிகாரிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அந்தத் தெருவில்தான் என் மாமனார் இருக்கிறார். தெருவை மூடுவதற்குச் சற்று முன்னால் அவருடைய பல்செட் கீழே விழுந்து இரண்டாகி, பல் மருத்துவரிடம் ஒட்டக் கொடுத்திருந்தார். பல் இந்தப் பக்கம், மாமனார் அந்தப் பக்கம். மனிதர் நல்ல சாப்பாட்டுப் பிரியர். பாலில் ஊறவைத்த ரொட்டியை விழுங்கிக்கொண்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். பல்செட் சரியாகி வந்த அன்று காலை, அதைப் பொட்டலம் கட்டி ட்ரோனில் மாட்டப் போனேன். அதிகாரி உள்ளே வந்தார்.

“ரிமோட்டைத் துடைச்சாச்சா?”

“ஆச்சு சார்.”

“எதால?”

“இந்த பாட்டில்ல இருக்கிற ஸ்பிரிட்டால சார்.”

“பாட்டிலை யார் யார் தொட்டாங்க?”

“நாங்க மூணு பேரும்தான்.”

“அப்போ பாட்டிலும் பொதுக் கருவிதானே? அதை எதால துடைச்சீங்க?”

முதல் பாட்டிலைத் துடைக்க இரண்டாவது பாட்டில் வாங்கினார்கள். சாயங்காலத்துக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “அந்த பாட்டிலை எதால சார் துடைக்கிறது?” என்று கேட்டுத் தொலைத்தார். மூன்றாவது வந்தது. மேஜையில் இடம் தீர்ந்த பிறகு, பாட்டிலைத் தொடுவதற்கென்றே ஓர் ஆளைப் போடுவது என்றும், அவர் வேறு எதையும் தொடக் கூடாது என்றும் ஏகமனதாக முடிவாயிற்று.

பிறப்பு இறப்புப் பிரிவின் எழுத்தர் பாட்டிலுக்கு மாற்றப்பட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் பாட்டில்காரர். அவருக்குக் கதவை நாங்கள் திறந்துவிட வேண்டும். மூக்கு அரித்தால் சுவரில் தேய்த்துக்கொள்வார். அவருடைய பிரிவு பூட்டிக் கிடந்ததால் அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் அதிகாரபூர்வமாகப் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை.

அடுத்து அதிகாரியின் பார்வை ட்ரோன் மேல் விழுந்தது.

“இது எங்கே போகுது? தொற்று இருக்கிற தெருவுக்கு. எங்கே திரும்பி வருது? நம்ம ஆபீசுக்கு. அப்படிப் போயிட்டு வர்ற ஆளை நாம என்ன பண்றோம்?”

“தனிமைப்படுத்துறோம் சார்.”

“ஆளுக்கு ஒரு நியாயம், ட்ரோனுக்கு ஒரு நியாயமா?”

ட்ரோனைக் கூட்ட அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பொட்டலத்தையாவது திருப்பிக் கேட்கலாம் என்று கையை நீட்டினேன்.

“இதைக் கடைசியா உபயோகிச்சது யாரு?”

“என் மாமனார் சார்.”

“அடுத்து உபயோகிக்கப் போறது?”

“அவரேதான் சார். பல்செட்டை யார் சார் மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க?”

“நடுவுல டாக்டர் தொட்டாரா இல்லையா? இப்போ ட்ரோன் பக்கத்துல இருந்துச்சா இல்லையா? இதுவும் உள்ளே இருக்கட்டும்.”

தனிமையில் இருப்பவருக்குத் தினமும் உடல் வெப்பம் பார்க்க வேண்டும் அல்லவா? நெற்றிக்கு நேரே பிடிக்கும் அந்தத் துப்பாக்கியை அதிகாரியே எடுத்துக்கொண்டு போனார். ட்ரோனுக்கு நெற்றி எது என்பதில் கொஞ்சம் விவாதம் நடந்து, கேமராவுக்கு மேலே உள்ள இடம்தான் என்று தீர்மானித்தார்கள். ஜன்னலோரம் சுள்ளென்று வெயில். துப்பாக்கி சிவப்பு விளக்கைக் காட்டிப் பீப் பீப் என்று கத்தியது.

“காய்ச்சல் அடிக்குது,” என்றார் அதிகாரி.

“வெயில்ல இருக்கு சார், அதான்.”

“வெயில்ல நின்னா உங்களுக்குக் காய்ச்சல் வருமா?”

“வராது சார்.”

“அப்புறம் அதுக்கு மட்டும் எப்படி வரும்?”

தனிமை நீட்டிக்கப்பட்டது. நான் நைசாக ட்ரோனை நிழலுக்கு நகர்த்திவைத்தேன். மறுநாள் துப்பாக்கி ரொம்பக் குறைவாகக் காட்டியது. “உடம்பு இப்படித் திடீர்னு சில்லிட்டுப் போறது நல்லதுக்கில்லை,” என்று சொல்லி ஒரு போர்வை போர்த்தி இன்னும் நீட்டித்தார்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, அப்பா பல்லு என்னதான் ஆச்சு?”

“தனிமையில இருக்கு.”

“பல்லா?”

“ட்ரோனுக்குக் காய்ச்சல். பல்லு அதுகூட ஒரே ரூம்ல இருந்ததால நெருங்கிய தொடர்பு.”

“உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் மூளைன்னு ஒண்ணு இருக்குமே, அதுவும் அந்த ரூம்லதான் இருக்கா?”

அன்று மாமனாரிடம் போனில் பேசினேன். அவர் சொன்னதில் பாதி வெறும் காற்றாக வந்தது. இளைத்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது எனக்கு. மறுநாள் அலுவலகத்துக்குப் போய் வழக்கம்போல் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தெருவைத் திறக்கப் போகும் சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. எங்கள் ட்ரோனால் ஒருவருக்குக்கூடத் தொற்று பரவவில்லையாம். பறந்தால்தானே பரவுவதற்கு? ஆனால் அவர்கள் அதைக் கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு விருது அறிவித்துவிட்டார்கள்.

விழாவுக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் இருந்த அத்தனை பேரும் பேசினார்கள். பொதுக் கருவிகளைத் துடைக்காமல் தொடக் கூடாது என்று ஒவ்வொருவரும் உருகி உருகிச் சொல்லி, இருமி, தொண்டையைச் செருமி, கையிலிருந்த மைக்கை அடுத்தவரிடம் கொடுத்தார்கள். இருந்தது ஒரே மைக். பாட்டில்காரர் மட்டும் அதைத் துடைக்கத் துணியோடு எழுந்தார். “மைக் வேற பிரிவு. உங்க வேலை ட்ரோனோட நிக்கட்டும்,” என்று அதிகாரி அவரை உட்காரவைத்தார். நன்றியுரை நான். உதட்டில் ஒட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு பேசினேன்.

அந்த வாரமே அலுவலகம் மொத்தமும் படுத்துவிட்டது.

அதிகாரி படுக்கையிலிருந்தபடி விதியைப் புரட்டினார். தொற்று இல்லாத ஊழியரில் மூத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. வாசல் காவலாளி நன்றாகத்தான் இருந்தார், ஆனால் ஒப்பந்த ஆளிடம் பொறுப்புக் கொடுக்க விதியில் இடமில்லை. ட்ரோனின் அடிவயிற்றில், நிரந்தர ஊழியர்களுக்கு இருப்பதுபோலவே, அலுவலக எண் எழுதியிருந்தது. விருதுக்காக அதற்கு எடுத்த சோதனையில் தொற்று இல்லை என்று சான்றிதழும் இருந்தது. காவலாளி அதைப் பல்செட் பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு போய் அதிகாரியின் நாற்காலியில் வைத்தார்.

தெரு திறந்ததும் மாமனார் எனக்குப் போன் செய்தார். ஒவ்வோர் எழுத்தும் முழுசாக வந்து விழுந்தது.

“உங்க ஆபீசுக்குப் போயிருந்தேன் மாப்பிள்ளை.”

“அங்கே யாருமே இல்லையே மாமா.”

“புது அதிகாரி இருந்தாரே. பல்லை எடுத்துக்கலாமான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலை. எடுத்து மாட்டிக்கிட்டு வந்துட்டேன். தங்கமான மனுஷன்.”

விஷயம் ஊருக்குள் பரவியது. ஜனங்கள் வரிசையாக வந்தார்கள். தேங்கிக் கிடந்த சான்றிதழ்களைத் தாங்களே தேடி எடுத்துக்கொண்டு, நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். நாளைக்கு வா என்று சொல்லாத அதிகாரியை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. நாங்கள் குணமாகித் திரும்பியபோது, அவரை மாற்றக் கூடாது என்று ஊரே கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பியிருந்தது. மேலிடமும் சம்மதித்தது. எங்கள் அதிகாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் இன்னொரு தெருவில் தொற்று வந்து அதையும் மூடினார்கள். அங்கே ஒரு பிள்ளைக்காரிக்கு அவசரமாக மருந்து போக வேண்டும். நான் ரிமோட்டைத் துடைத்து, கையைக் கழுவி, நாற்காலியிலிருந்த ட்ரோனைத் தூக்கப் போனேன். வரிசையில் நின்ற கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்றது என் மாமனார்.

“என்ன மாப்பிள்ளை, அதிகாரி மேலேயே கை வைக்கிறீங்க?”

“மருந்து போகணும் மாமா. இதை விட்டா வேற வழி இல்லை.”

“அதுக்காக, இவ்வளவு பெரிய மனுஷனைப் பொட்டலம் தூக்கச் சொல்றதா?” என்றார், ஒட்டவைத்த பல் அத்தனையும் தெரிய. “அந்தத் தெருக்காரங்க கொஞ்ச நாள் பொறுத்துக்கட்டுமே. நாங்கல்லாம் பொறுத்துக்கலையா?”